வழிச்செலவு

ரயில், போக வர ஒன்பது பேருக்கு 6,300 ரூபாய். பதிவுக் கட்டணம் 3,000. இரண்டு இரவு தங்க 5,400. மூன்று நாள் சாப்பாட்டுக்கு 6,750. மதுரைக்குள் ஆட்டோ, பஸ் 1,500. கறுப்புக் கோட் வாடகை எட்டுப் பேருக்கு 1,200. ஜெராக்ஸ் 800. ஆக மொத்தம் 24,950.

"ரவுண்டா இருபத்தஞ்சாயிரம்னு போட்டுடலாமே மேம்" என்றாள் காசிமேட்டுப் பெண். முழுத் தொகையாக இருந்தால் குத்துமதிப்பாகப் போட்டது என்று நினைப்பார்கள், ஐம்பது ரூபாய் குறைந்தால் உட்கார்ந்து கூட்டிய கணக்கு என்று நம்புவார்கள் என்றேன். பணம் உள்ளவர்கள் தோராயமாகப் பேசலாம். கேட்கப் போகிறவர்கள் பைசா சுத்தமாகப் பேச வேண்டும்.

வடசென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தமிழ் சொல்லித் தருகிறேன். கௌரவ விரிவுரையாளர். நாற்பத்தாறு வயது, முனைவர் பட்டம் வாங்கிப் பதினைந்து ஆண்டுகள், இரண்டு கவிதைத் தொகுப்புகள், மாத மதிப்பூதியம். பெயரில் மட்டும் கௌரவம் உள்ள வேலை. அந்த மொத்தத் தொகை என் ஒரு மாத வருமானத்தை ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நின்றது. குடியிருப்பு பழைய வண்ணாரப்பேட்டையில். அம்மா இருந்தவரை அம்மாவோடு, இப்போது தனியாக.

மதுரையில் ஒரு கல்லூரி, கலை அறிவியல் மாணவர்களுக்காக மாதிரி நீதிமன்றப் போட்டி அறிவித்திருந்தது. தமிழ் இலக்கியத்திலிருந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, உண்மையான நீதிமன்ற நடைமுறைப்படி நடத்த வேண்டும். அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு, சாட்சிகள், முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, சான்றாவணங்களுக்குக் குறியீடு, நிறைவுரை எல்லாம் உண்டு. எந்தத் தரப்பு என்பதை அன்றைக்குக் காசு சுண்டித்தான் சொல்வார்கள். அதனால் இரண்டு தரப்புக்கும் தயாராகப் போக வேண்டும்.

நமக்கு இது முற்றிலும் புதிதல்ல. கம்பன் விழா மேடைகளில் வழக்காடு மன்றம் நெடுநாளாக நடக்கிறது. சிறுமியாக இருந்தபோது அப்பா தோளில் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்திருக்கிறேன். குற்றவாளி கைகேயி. வழக்குத் தொடுத்தவர், மறுத்தவர், நடுவர் மூவரும் ஆண்கள். கூட்டம் கைதட்டிக் கைதட்டிச் சிரித்தது. கைகேயி தரப்பில் பேசியவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் கைகேயி எங்கே என்று தேடிய ஞாபகம் எனக்கு இருக்கிறது. மேடையில் அவளுக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

என் அணியில் எட்டுப் பெண்கள். மூவர் தமிழ், மூவர் வணிகவியல், இருவர் வேதியியல். அவர்கள் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஊர்ப்பெயரே போதும். காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர், திருவொற்றியூர். எட்டுப் பேரும் தங்கள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள்.

வழக்கை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அரசு எதிர் கண்ணகி. குற்றம், மதுரைக்குத் தீ வைத்தது. சினிமா பார்த்தே 302 என்றால் கொலை என்று மனப்பாடம் செய்திருந்த பிள்ளைகள், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 103 ஆகிவிட்டது என்று தேடிக் கண்டுபிடித்து வந்து எனக்குச் சொன்னார்கள். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்குப் பெயரே வழக்குரை காதை. அதை நான் இருபது முறையாவது வகுப்பில் நடத்தியிருப்பேன். இவர்கள் அதை வழக்குக் கட்டாகப் பிரித்துப் படித்தபோதுதான் அதிலிருந்த ஓட்டைகள் எனக்கே தெளிவாகத் தெரிந்தன. ஊடல் கொண்ட அரசியின் அந்தப்புரத்துக்கு விரைந்துகொண்டிருந்த அரசன், வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லன் ஒருவன் சொன்னதை மட்டும் கேட்டு ஆணையிடுகிறான். கோவலனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலம்புக்குள் முத்தா மாணிக்கமா என்று பார்க்க அதிக நேரம் ஆகியிருக்காது. கொன்ற பிறகு வந்து கண்ணகிதான் உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. "சான்றாவணம் ஒன்றை போலீசு பரிசோதிக்கவே இல்ல மேம்" என்று சிரித்தாள் தண்டையார்பேட்டைப் பெண்.

எதிர்த்தரப்புக்கு இது சுலபம். அரசுத் தரப்புதான் கடினம், யாருக்குக் கண்ணகிமேல் குற்றம் சாட்ட மனம் வரும் என்று நினைத்திருந்தேன். கொருக்குப்பேட்டைப் பெண் ஒருநாள் கேட்டாள்: "பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிகள், வயசானவங்க, கொழந்தைங்க, இவங்கள விட்டுட்டுக் கெட்டவங்க பக்கம் போன்னு நெருப்புகிட்ட சொல்றாங்க. சரி மேம். பத்தினின்னு சர்ட்டிபிகேட் இல்லாத பொம்பளைங்க அந்த ஊர்ல இருந்திருப்பாங்கள்ல. அவங்க எந்தப் பக்கம்?"

வகுப்பில் நான் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. ஆனால் எனக்குப் புதிய கேள்வி அல்ல. என் ஆய்வேட்டில் அதைப் பற்றி ஒரு இயல் எழுதியிருந்தேன். அது இப்போது அதில் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். விளையாட்டு அணி வெளியூர் போனால் பயணப்படி உண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு உண்டு. இது எந்தக் கணக்குத் தலைப்பில் வரும் என்று கேட்டார்கள். விளையாட்டா, கலையா, சமூகப் பணியா? நீதிமன்றம் என்று ஒரு தலைப்பு அவர்களிடம் இல்லை. "நீங்க தமிழ் டிபார்ட்மென்ட்தானே, பேச்சுப் போட்டின்னு எழுதிக் குடுங்க, ஒரு ஆளுக்கு டிக்கெட் போட்டுப் பார்க்கலாம்" என்றார் ஒருவர், நல்ல மனதோடுதான். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஒரு வழக்கு நடக்கும் என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. கடிதம் வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது, இது அவ்வளவு அவசியமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். எட்டுப் பெண்கள் வாடகைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வக்கீல் மாதிரி நடிக்க இருபத்தைந்தாயிரமா? அந்தப் பணத்தில் எட்டுப் பேருக்கும் தேர்வுக் கட்டணம் கட்டிவிடலாமே?

எங்கள் பகுதியில் "கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம்" என்பது பெருமை. ஆனால் படி ஏறாதவர்கள் குறைவு. ஏறியவர்கள் குற்றம் சாட்டப்பட்டவராக, ஜாமீன் போடுபவராக, வீடு இடிபடும் என்று நோட்டீஸ் வாங்கியவராக ஏறியிருப்பார்கள். தண்டையார்பேட்டைப் பெண்ணின் அத்தை குடும்பத்தைக் கால்வாய்க் கரையிலிருந்து எடுத்துப் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் மறுகுடியமர்த்தினார்கள். அந்தக் குடியிருப்பின் பெயர் கண்ணகி நகர். எண்ணூர்ப் பெண்ணின் வீட்டில் 2023 டிசம்பரை மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. அந்த மாதம் முடிவதற்குள் ஒரு நள்ளிரவில் அமோனியா கசிந்து, உடுத்திய துணியோடு ஓடினார்கள். பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்தது. அதைப் பற்றிச் செய்தித்தாளில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்திருக்கிறாள். "எங்களப் பத்தித்தான் பேசுறாங்க. ஆனா என்னா பேசுறாங்கன்னே புரியல மேம்" என்று சொல்லித்தான் அணியில் சேர்ந்தாள்.

சட்டம் படிக்கும் ஆசை இருந்தாலும் போகிற தூரம் கூடிவிட்டது. 1891இல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரி, பாரிமுனையில் உயர்நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரே பஸ். நேரம் இருந்தால் நடந்தும் போகலாம். 2018இல் அதை இரண்டாகப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். ஒன்று நகரத்தின் தெற்கே, இன்னொன்று திருவள்ளூருக்கும் அப்பால். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. எங்கள் மாணவிகள் வகுப்புக்கு வருவதே பாதிப்பேர் அந்தப் பேருந்தில்தான். புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் பலருக்கு வருகிறது. அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைத்தது எங்கள் வடசென்னையில்தான், பாரதி மகளிர் கல்லூரியில். இவை எதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெண்ணின் பயணத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பது அரசியல் கேள்வி என்று ஒப்புக்கொண்ட திட்டங்கள் அவை. ஆனால் இலவசப் பேருந்து நகர எல்லையில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் போக வேண்டும் என்றால் பெண் யாரையாவது கேட்க வேண்டும்.

நானும் கேட்கப் போனேன். எம்.சி. ரோட்டில் பெரிய துணிக்கடை வைத்திருப்பவர். கோயில் திருவிழாவுக்கும் கால்பந்துப் போட்டிக்கும் தாராளமாகக் கொடுப்பவர் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாணவிகளோடு போனேன். மரியாதையாக உட்காரவைத்து மூவருக்கும் குளிர்பானம் வரவழைத்தார். கணக்குத் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"சாப்பாட்டுக்கு ரொம்பக் கம்மியாப் போட்டிருக்கீங்க மேடம். முழுசா நானே குடுத்துடறேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகுதான் என்ன வழக்கு என்று கேட்டார். சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"கண்ணகி நம்ம பொண்ணுங்களுக்கெல்லாம் தெய்வம் மாதிரி. அவங்கள அக்யூஸ்டா நிக்க வைக்கறதுக்கு நான் காசு குடுத்தேன்னு நாளைக்கு எவனாவது போட்டுவிட்டா என் கடைக்கு யார் வருவா? பாண்டியன நிக்க வைங்க, வேற யாரையாவது நிக்க வைங்க. வழக்க மாத்திட்டுச் சொல்லி அனுப்புங்க, பணம் ரெடி." அதோடு பிள்ளைகள் எங்கள் கடைப் புடவையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்றும் சொன்னார்.

அவரைக் கெட்டவர் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் பயந்த பயம் நியாயமானது. கண்ணகிக்கு இந்த ஊரில் எத்தனை அரசியல் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் நிறுத்திய சிலையை 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006 ஜூனில் திரும்பவும் வைத்தார்கள். சிலம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளே இடம் மாறிப் போய்வர வேண்டியிருந்தது.

கெட்டது நான் செய்தேன். மறுநாள் பயிற்சியின்போது பிள்ளைகளிடம், பாண்டியன்மேல் வழக்குப் போட்டால் இன்னும் வலுவாக இருக்குமே, இன்னும் நாள் இருக்கிறதே, மாற்றிப் பார்ப்போமா என்று இலக்கியக் காரணங்கள் சொல்லிக் கேட்டேன். கடைக்கு என்னோடு வந்த இரண்டு பேரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கொருக்குப்பேட்டைப் பெண் வரவில்லைதான், ஆனால் அவளுக்குச் செய்தி போயிருந்தது.

"மேம், ஒரு சாட்சி முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு, அப்புறம் காசு வாங்கிட்டுக் கூண்டுல ஏறி மாத்திச் சொன்னா அதுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களே போன வாரம். என்னா மேம் அது?"

பிறழ்சாட்சி. நான்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆய்வேட்டிலிருந்து போன அந்த இயலைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். தீயிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் இல்லாத பெண்களைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். வாய்மொழித் தேர்வுக்கு முன்னால், பொறுப்பில் இருந்த ஒருவர் அதை எடுத்துவிட்டால் பட்டம் சிக்கலில்லாமல் வரும் என்றார். எடுத்தேன். பட்டமும் சிக்கலில்லாமல் வந்தது. அந்த நாற்பது பக்கத்தை எங்கே வைத்தேன் என்றுகூட இப்போது தெரியவில்லை. அப்போது நான் யாரிடமும் காசு வாங்கவில்லை. அதனால் அதை விற்றேன் என்று ஒருபோதும் நினைத்துக்கொண்டதில்லை. இருபது வயதுப் பெண் ஒருத்தி ஒரு கேள்வி கேட்கும் வரை.

மறுநாள் வழக்கு மாறாது என்று கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். பிள்ளைகளிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவால்ல மேம்" என்று சட்டென்று அடுத்த வேலைக்குப் போனார்கள். நாம் ஒரு மன்னிப்பை எவ்வளவு பெரிதாக நினைத்துச் சுமந்துகொண்டு போகிறோம்.

தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் தோழி ஒருத்தி இருக்கிறாள். கோட்டுக்கு வழி கேட்டு அவளிடம் போனேன். "வாடகைக்கு எதுக்குடி? ஜூனியர்ஸ்கிட்ட இருக்கு, எட்டு வாங்கித் தரேன்" என்று 1,200 ரூபாயைக் குறைத்தாள். கையில் 3,000மும் கொடுத்தாள். பிள்ளைகளை ஒருநாள் அழைத்துவரச் சொன்னாள். வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் சொன்ன கதையை அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா, 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ரா, இருவரும் சட்டம் படித்துவிட்டு வழக்காட அனுமதி கேட்டார்கள். சட்டத்தில் 'நபர்' என்று இருப்பது பெண்ணைக் குறிக்காது என்று நீதிமன்றங்கள் அனுப்பிவிட்டன. 1923இல் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் கதவு திறந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் முதல் பெண் வழக்கறிஞராக ஆனந்தபாய் பதிவு செய்துகொண்டது 1929இல். அதே 1929இல்தான் வர்ஜீனியா வுல்ப் தனக்கென ஓர் அறையைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அதிலும் பெண்கள் கல்லூரி ஒன்றுக்காகக் காசு சேர்க்க அலைந்து களைத்தவர்கள் வருகிறார்கள். பெண்களின் கல்லூரி ஏன் இவ்வளவு ஏழையாக இருக்கிறது, நம் அம்மாக்கள் ஏன் நமக்கு ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று கேட்கிறார். பிள்ளை பெற்றதில், பெற்றதை வளர்த்ததில் அவர்களுக்குச் சம்பாதிக்க நேரமில்லை, சம்பாதித்தாலும் நெடுங்காலம் அது அவர்களுக்குச் சொந்தமில்லை என்பது பதில். அமெரிக்காவில் 1985இலிருந்து கல்லூரி மாணவர்களுக்கு மாதிரி வழக்காடல் போட்டிகளை நடத்த ஒரு சங்கமே இருக்கிறது. அங்கேயும் பல அணிகள் ஊர் ஊராகப் போய்வரக் காசு தேடித்தான் அலைகின்றன.

கையில் 3,000. ஆசிரியர் அறையில் கேட்டுச் சேர்த்தது 4,500. மிச்சத்தை நானே போட்டுவிடலாம், சங்கிலியை வைத்தால் கிடைக்கும் என்று முடிவு செய்திருந்தேன். வண்ணாரப்பேட்டையில் அடகுக்கடைக்கு நடக்கவே வேண்டாம், படி இறங்கினால் போதும். என்னைப் போன்ற ஆசிரியைகள் பலர் இப்படித்தான் செய்கிறோம். நாப்கின் இல்லாத பெண்ணுக்கு, பரீட்சைக் கட்டணம் கட்டாத பெண்ணுக்கு, பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே சொல்வதில்லை. சொன்னால் பெருமை பேசுவதாக ஆகிவிடும் என்ற கூச்சம். எந்தக் கணக்குத் தலைப்பிலும் வராத பணம் அது. அப்படி நாம் கமுக்கமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் தலைப்பு ஒன்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

தடுத்தது காசிமேட்டுப் பெண்ணின் அம்மா. மீன் விற்பவர். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் ஊக்குநர். மகள் சொல்லிக் கேட்டுவிட்டுக் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, நீ எதுக்கு நகைய வெக்கற? தர்மம்னு கேட்டா எவனும் நூறு கேள்வி கேப்பான். மொய்யின்னு வை. கண்ணாலம், காதுகுத்து, மஞ்சத் தண்ணி எல்லாத்துக்கும் எழுதறோம். பொண்ணு கோர்ட்டுக்குப் போவுது, அதுக்கு எழுத மாட்டமா? ஆனா சும்மா தர மாட்டோம். எங்க முன்னாடி ஒருக்கா நடத்திக் காமிக்கட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தெருவின் முனையில், கோயில் பந்தலுக்கு வாங்கிய நாற்காலிகளைப் போட்டு நடத்தினோம். கூண்டுக்கு ஐஸ் பெட்டி இரண்டைக் கவிழ்த்து வைத்தார்கள். நடுவராக என்னை உட்காரவைத்தார்கள். வாசலில் மேசை, மேசையில் மஞ்சள் தடவிய ஒரு புதிய நோட்டு. முதலில் சிரித்தவர்கள், கண்ணகியாக நின்ற திருவொற்றியூர்ப் பெண் சிலம்பை உடைத்ததும் சத்தமில்லாமல் ஆனார்கள். அரசுத் தரப்பில் கொருக்குப்பேட்டைப் பெண் எழுந்து அந்த விலக்குப் பட்டியலைப் படித்து, இதில் நான் இருக்கிறேனா, இங்கே இருக்கும் யாரெல்லாம் இருக்கிறோம் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். கட்டியவனை விட்டுவிட்டு வந்து வாழும் பெண்கள் அந்தத் தெருவில் நாலைந்து பேராவது உண்டு. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

தீர்ப்புச் சொல்ல நான் வாயெடுத்தபோது, முன்வரிசையில் இருந்த வயதான ஆயா ஒருவர் கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். புருசன் செத்துட்டான். ராசாவும் செத்துட்டான். ஊரும் எரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எங்க போச்சு? வழிச்செலவுக்கு யார்கிட்ட காசு வாங்குச்சு?"

மதுரையை விட்டு மேற்கே, மேடு பள்ளம் பாராமல் நடந்து சேர நாட்டு மலைக்குப் போனாள் என்று சொன்னேன். பதினாலு நாள் கழித்து வானவூர்தி வந்தது என்பதையும் சொன்னேன். "அதான், கையில ஒண்ணும் இல்லன்னா வானத்துலேருந்துதான் வரணும்" என்றார் ஆயா.

புகாரிலிருந்து புறப்பட்டபோது கண்ணகியிடம் இருந்தது அந்தச் சிலம்புகள்தான். கோவலன் அவற்றையே முதலாக வைத்து வணிகம் செய்ய நினைத்தான். அவளுடைய வழிச்செலவே சான்றாவணமாகி, சான்றாவணமே உடைந்து போனது. இத்தனை ஆண்டுகள் படித்தும் இந்தக் கதையை நான் பயணச்செலவுக் கணக்காகப் பார்த்ததில்லை. ஆயா பார்த்தார்.

அன்றிரவு எனக்கு வாச்சாத்தி நினைவு வந்தது. 1992 ஜூனில் அந்த மலையடிவார ஊரில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து செய்ததற்கு, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதற்கு, தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பரில். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. முப்பத்தோரு ஆண்டுகள். தீர்ப்பைப் பற்றி நாம் பேசுகிறோம். அந்தப் பெண்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறியதைப் பற்றி எத்தனை பேர் பேசியிருக்கிறோம்? நீதி எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

மொய் நோட்டில் இருபது, ஐம்பது, நூற்றியொன்று என்று நிறைந்திருந்தது. உரிமைத்தொகை வந்த கையோடு இருநூறு எழுதியவர்கள் இருந்தார்கள். "நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ" என்றும் ஒரு வரி இருக்கிறது. அடுத்த ஞாயிறு கொருக்குப்பேட்டையில் நடத்தினோம். இரண்டும் சேர்ந்து 11,360 ரூபாய். கோட்டு வாடகை போக எங்களுக்குத் தேவை 23,750. கையில் 18,860. குறைந்த 4,890ஐ நான் போட்டேன், நகையை வைக்காமல், அந்த மாதத்து மதிப்பூதியத்திலிருந்து. கமுக்கமாகப் போட விடவில்லை பிள்ளைகள். நோட்டில் என் பெயரையும் எழுதி, எதிரே தொகையையும் எழுதினார்கள்.

மதுரையில் முதல் சுற்றில் எங்களுக்கு அரசுத் தரப்பு விழுந்தது. ஜெயித்தோம். இரண்டாம் சுற்றில் எதிர்த்தரப்பு. சுலபம் என்று நான் நினைத்திருந்த தரப்பு. அதில் தோற்றோம். எண்ணூர்ப் பெண் பொற்கொல்லனை நடத்திய குறுக்கு விசாரணையை நடுவர்களில் ஒருவர் மிகவும் பாராட்டிவிட்டு, "சென்னை பாஷையைக் கொஞ்சம் சரி செய்துகொண்டால் நீ எங்கேயோ போய்விடுவாய் அம்மா" என்றார். அவள் வணங்கி, "இந்த பாஷையோடதான் சார் இங்க வரைக்கும் வந்தேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. அந்த ஒரு வரிக்காக எங்களுக்கு மதிப்பெண் குறைந்ததா என்று தெரியாது. ரயிலில் திரும்பும்போது கருவாட்டுக் குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டே, எங்கே வழுக்கினோம் என்று விடியும்வரை வாதாடினார்கள். பெட்டியில் இருந்தவர்கள் இரண்டு முறை விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.

கல்லூரி ஆண்டறிக்கையில் எங்கள் படம் வந்தது. கணக்குத் தலைப்பு வரவில்லை. இந்த ஆண்டு மறுபடி கடிதம் கொடுத்திருக்கிறேன். இம்முறை ஒரு ஆளுக்கு டிக்கெட் கேட்கவில்லை. மாதிரி நீதிமன்றம் என்று தனித் தலைப்பே கேட்டிருக்கிறேன். சென்ற ஆண்டுச் செலவு விவரத்தில், ஆசிரியை கைப்பணம் 4,890 என்ற வரியையும் சேர்த்தே எழுதினேன். எழுதும்போது கை கூசத்தான் செய்தது. அழிக்கவில்லை. தொலைந்த அந்த நாற்பது பக்கத்தையும் நினைவிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாதி ஞாபகம் இல்லை. மீதியை இந்தப் பிள்ளைகள் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

மொய் என்றால் திரும்பச் செய்ய வேண்டும். நன்கொடைக்கும் அதற்கும் அதுதான் வித்தியாசம். கொடுத்தவர் மேலே நிற்க மாட்டார், வாங்கியவர் கூனிக்குறுக வேண்டியதில்லை, கணக்கு மட்டும் திறந்தே இருக்கும். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, தோழியின் ஜூனியர் ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, காசிமேட்டில் அதே பந்தல் நாற்காலிகளில் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, விதவை ஓய்வூதியம் ஏன் நின்றது என்று கேட்க, குடும்ப வன்முறைச் சட்டத்தில் புகார் கொடுக்க, வந்த நோட்டீசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆட்கள் வருகிறார்கள். மனு எழுதியதும் நோட்டைத் திறந்து அந்தப் பெயருக்கு எதிரே ஒரு டிக் போடுகிறார்கள். போன வாரம் பார்த்தபோது முப்பத்தொன்று டிக் இருந்தது. வழிச்செலவைக் கேட்ட ஆயா இருநூறு எழுதியிருந்தார். அவர் பெயருக்கு எதிரே இன்னும் இடம் காலியாக இருக்கிறது. "எனக்கு இப்போ ஒண்ணும் வேணாம், வெச்சிரு. எனக்குத் தேவப்படறப்போ வந்து கேக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாராம்.